8 எச்பி அவுட்போர்டில் பேட்டரி சார்ஜிங்: கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மோட்டாருக்கு என்ன வழி?

பண்ணவாடித்துறை

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஓடும் 16 அடி ஃபைபர் படகு. மோட்டார் யமஹா 8 எச்பி, 2 ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. கடலோரத்தில் ஓடியதைப் பழசாக வாங்கியது. பேட்டரி இணைப்பு எதுவும் இல்லை.

சாயங்காலம் வலை விட்டு விடியுமுன் எடுக்கிற வேலை, அதனால் ராத்திரிக்கு வெளிச்சம் வேண்டும். 5 வாட் எல்இடி இரண்டு, ஃபிஷ் ஃபைண்டர் ஒன்று, போன் சார்ஜர் ஒன்று. நீர்மட்டம் இறங்குகிற மாதங்களில் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் பழைய கோபுரமும் வெளியே வந்துவிடும். அதற்கு முன்பே தண்ணீருக்கு ஒரு முழம் கீழே கல் நிற்கும். டார்ச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு டில்லரை (மோட்டாரைத் திருப்பும் கைப்பிடி) மறு கையில் திருப்புவது ஆபத்து.

கைவசம் யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி இருக்கிறது. மோட்டாரிலிருந்தே சார்ஜ் ஏற்ற முடியுமா? பைக் ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்குவது) ஒன்று வாங்கி மாட்டினால் போதுமா?

செவ்வாய்ப்பேட்டை வைண்டிங்

முடியும். ஆனால் கடைக்குப் போகும் முன் மோட்டாருக்குள் லைட்டிங் காயில் இருக்கிறதா என்று பாருங்க. இந்த மோட்டார்களில் ஃப்ளைவீலுக்கு அடியில் மூன்று வகைக் காயில் உட்காரும். ஸ்பார்க் உண்டாக்கும் சிடிஐ யூனிட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் எக்சைட்டர் காயில், ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்லும் பல்சர் காயில், விளக்குக்கான லைட்டிங் காயில். முதல் இரண்டும் எல்லா மோட்டாரிலும் உண்டு. மூன்றாவது சில மாடலில்தான் வரும். அது இல்லாத மாடலில்கூட காயில் உட்காரும் இடமும் திருகு ஓட்டையும் பெரும்பாலும் காலியாக விட்டிருப்பார்கள்.

ஃப்ளைவீலைக் கழற்றாமலே பார்க்கலாம். மூடியைத் தூக்கி, ஃப்ளைவீலுக்கு அடியிலிருந்து வரும் வயர்களை எண்ணுங்க. யமஹாவில் லைட்டிங் காயிலுக்குப் பச்சை வயர் இரண்டு வரும், சிலதில் ஒன்று பச்சையும் மற்றது பச்சை-வெள்ளையுமாக இருக்கும். பயன்படுத்தாத மோட்டாரில் நுனியில் ரப்பர் உறை போட்டு மடக்கிக் கட்டியிருப்பார்கள். பழைய மோட்டார் என்பதால் யாராவது வயரை மாற்றியிருக்கலாம், எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் மீட்டர் வையுங்க.

மோட்டார் ஓடாதபோது ஓம் அளவு: லைட்டிங் காயில் என்றால் பெரும்பாலும் 1 ஓமுக்குள் காட்டும். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவை அதிலிருந்து கழித்துக்கொள்ளணும், மலிவு மீட்டரில் அதுவே 0.3 ஓம் வரும். எக்சைட்டர் காயில் நூற்றுக்கணக்கான ஓம் காட்டும். அதைக் கொண்டுபோய் ரெக்டிஃபயரில் கொடுத்தால் சார்ஜும் ஏறாது, மோட்டாரும் ஸ்டார்ட் ஆகாது. ஓடும்போது அதில் 100 வோல்ட்டுக்கு மேலே வரும், கை வைக்காதீங்க.

அடுத்து, லைட்டிங் காயிலின் ஒவ்வொரு முனைக்கும் எஞ்சின் பாடிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்க. இருக்கக் கூடாது. இது ஏன் முக்கியம் என்று ரெக்டிஃபயர் பேச்சு வரும்போது சொல்றேன்.

ஏற்காடு சோலார்

காயிலைத் தேடும் முன் ஒரு கணக்கு. எல்இடி இரண்டும் சேர்ந்து 10 வாட், அதாவது 0.8 ஆம்பியர். ஐந்து மணி நேரம் எரிந்தால் 4 ஏஎச். ஃபிஷ் ஃபைண்டர் ஒரு மணி நேரம் மட்டும் ஓடினால் அரை ஏஎச். போன் இரண்டு மணி நேரம் சார்ஜ் ஆனால் 2 ஏஎச். மொத்தம் ஒரு ராத்திரிக்கு 6.5 ஏஎச்.

லெட்-ஆசிட் பேட்டரி நாள்பட உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. 7 ஏஎச் பேட்டரியில் உங்களுக்குக் கிடைப்பது 3.5 தான். அது இந்த வேலைக்குப் பத்தாது, 26 ஏஎச் எடுங்க.

இப்போது வரவு. இந்த அளவு மோட்டாரின் லைட்டிங் காயில் 12 வோல்ட் 80 வாட் என்று போட்டிருக்கும். அது 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் கொடுப்பது. ஐடிலில் ஒன்றும் தேறாது. பாதி த்ராட்டிலில் 3 ஆம்பியர் கிடைத்தால் நல்லது. வலை விடப் போக அரை மணி, எடுத்துத் திரும்ப அரை மணி என்றால் 3 ஏஎச் உள்ளே போகும், பேட்டரியில் நிற்பது 2.5 ஏஎச். செலவு 6.5, வரவு 2.5. தினமும் 4 ஏஎச் துண்டு விழுகிறது. ஒரு வாரத்தில் பேட்டரி படுத்துவிடும், பழி காயில் மேல் விழும்.

அந்தத் துண்டை 20 வாட் சோலார் பேனல் நிரப்பும். மேட்டூர் வெயிலில் ஒரு நாளைக்கு 5 ஏஎச் பக்கம் கிடைக்கும். ஏற்காட்டு மூடுபனி மாதிரி சிக்கல் அங்கே இல்லை. கரையில் படகு நிற்கும் பகல் முழுக்க அது வேலை செய்யும். ஃப்ளைவீலைக் கழற்றித்தான் காயில் போட வேண்டும் என்ற நிலை வந்தால், அந்தச் செலவுக்கு 50 வாட் பேனலும் கன்ட்ரோலரும் வாங்கி விஷயத்தை முடித்துவிடலாம். காயில் ஏற்கெனவே உள்ளே இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துவது லாபம்.

ஓமலூர் மெக்கானிக்

கார் ஆல்டர்னேட்டரை ஃப்ளைவீலில் பெல்ட் போட்டு ஓட்டினால் 35 ஆம்பியர் கிடைக்குமே? பழைய மாருதி ஆல்டர்னேட்டர் எங்கேயும் கிடைக்கும்.

செவ்வாய்ப்பேட்டை வைண்டிங்

வேண்டாம் அண்ணா. 35 ஆம்பியர் 14 வோல்ட்டில் 490 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் பாதிக்குச் சற்று மேல்தான், ஆக எஞ்சினிலிருந்து 900 வாட் இழுக்கும். 8 எச்பியில் ஒரு எச்பிக்கு மேல் அதற்கே போய்விடும். அதைவிடப் பெரிய கேடு பக்கவாட்டு இழுவை. இந்த கிராங்கின் மேல் பேரிங் ஃப்ளைவீல் எடையைத் தாங்கச் செய்தது, பெல்ட் ஒரே பக்கமாக இழுப்பதைத் தாங்கச் செய்ததல்ல. மேல் ஆயில் சீல் முதலில் போகும். 2 ஸ்ட்ரோக்கில் அந்த சீல் கசிந்தால் காற்று உள்ளே புகுந்து கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மூடியையும் வெட்டணும், வெட்டிய மூடிக்குள் மழைத் தண்ணி இறங்கும்.

பண்ணவாடித்துறை

பார்த்தாச்சு. பச்சை வயர் ஒன்றுதான் வெளியே இருக்கிறது, அதுவும் நுனியில் உப்புப் பூத்து ஒடிந்திருக்கிறது. இன்னொன்று ஃப்ளைவீலுக்கு அடியிலேயே அறுந்திருக்கும் போல. கழற்றித்தான் ஆக வேண்டும். எப்படிக் கழற்றுவது?

செவ்வாய்ப்பேட்டை வைண்டிங்

புல்லர் (ஃப்ளைவீலை இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் தொடாதீங்க. ஃப்ளைவீல் கூம்பு வடிவ கிராங்க் முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். விளிம்பில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் விளிம்பு கோணும், சுத்தியலால் கிராங்கை நேராக அடித்தால் பேரிங் போகும், உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விரிசல் விடும்.

1. ஸ்பார்க் பிளக் கேப் இரண்டையும் கழற்றி ஒதுக்குங்க. பெட்ரோல் குழாயையும் கழற்றிடுங்க. கயிறு ஸ்டார்ட்டர் மூன்று போல்ட்டில் வரும்.

2. ஃப்ளைவீலைப் பட்டை ரிஞ்சாலோ ஹோல்டராலோ பிடித்து நட்டைத் தளர்த்துங்க. ஃப்ளைவீல் ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவர் சொருகிப் பிடிக்கவே கூடாது. அடியில் காயில்தான் இருக்கு.

3. நட்டை முழுசாக எடுக்காமல் கிராங்க் முனையோடு சமமாக நிறுத்துங்க. அது மரையைக் காப்பாற்றும், ஃப்ளைவீல் எகிறி மேலே வராமலும் தடுக்கும்.

4. தட்டைப் புல்லரின் மூன்று போல்ட்டை ஃப்ளைவீல் மரையில் ஏற்றுங்க. இங்கேதான் நிறைய பேர் காயிலைக் கெடுப்பது. நீளமான போல்ட் போட்டால் மரையைத் தாண்டி இறங்கி அடியில் உள்ள காயிலில் குத்தும். 7, 8 சுற்று பிடித்தால் போதும், அதற்கு மேல் வாஷர் கொடுத்து உயரத்தைச் சரி செய்யுங்க.

5. நடு போல்ட்டை இறுக்கி, தலையில் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. 'டக்' என்று விடும். விடவில்லை என்றால் துருத் தளர்த்தும் எண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்க. கடலோர மோட்டாருக்கு இது பெரும்பாலும் தேவைப்படும். வெல்டிங் டார்ச் காட்டினால் காந்தம் சக்தி இழக்கும், அதைச் செய்யாதீங்க.

ஃப்ளைவீலை இடம் மாறாமல் பிடிக்கும் அரை வட்டச் சாவி (சின்ன உலோகத் துண்டு) ஒன்று கிராங்கில் இருக்கும், அதைத் தொலைக்காதீங்க. அதில் சின்ன நசுங்கல் தெரிந்தாலும் புதுசு போடுங்க. அது இம்மி நகர்ந்தாலும் இக்னிஷன் டைமிங் நகரும். திரும்ப மாட்டும்போது கூம்பின் இரு பக்கத்தையும் தின்னரில் துடைத்துக் காயவிட்டு, எண்ணெயோ கிரீஸோ இல்லாமல் உட்கார வையுங்க. எண்ணெய் இருந்தால் பிடிப்பு நிற்காது, சாவி வெட்டிக்கொள்ளும். நட்டுக்கு உங்க மாடல் மேனுவலில் சொன்ன டார்க், டார்க் ரிஞ்சிலேயே.

வயர் மட்டும் அறுந்திருந்தால் காயிலின் முனையில் ஈயம் வைத்துப் புது வயர் போடலாம். வெப்பம் தாங்கும் சிலிக்கான் உறை வயர்தான் போடணும். சாதா பிவிசி அங்கே உருகி ஒட்டும். காயில் கருகியிருந்தால் கட்டலாம். பழைய கம்பியைப் பிரிக்கும்போதே சுற்றை எண்ணி எழுதிக்கிட்டு, அதே கனத்தில், 180 டிகிரி தாங்கும் எனாமல் கம்பியில், அதே திசையில் சுற்றி வார்னிஷ் முக்கிச் சூட்டில் உலர்த்தணும். "கூடச் சுற்றினால் கூடக் கரண்ட்" என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. சுற்று கூடினால் வோல்ட் குறைந்த ஆர்பிஎம்மிலேயே எழும், ஆனால் உச்சத்தில் கிடைக்கும் ஆம்பியர் குறையும். கம்பெனி ஏதோ கணக்கில்தான் அந்த எண்ணிக்கையை வைத்திருக்கு.

காயில் திருகு தளராமல் இருக்க நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு. வயரை ஃப்ளைவீலில் உரசாதபடி கிளிப்பில் பிடித்து வெளியே எடுங்க. மூடும் முன் கையால் நாலு சுற்று சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்க.

பண்ணவாடித்துறை

காயில் நன்றாக இருக்கிறது, வயர்தான் அறுந்திருந்தது. மாற்றியாகிவிட்டது. 0.5 ஓம் காட்டுகிறது, பாடியோடு தொடர்பு இல்லை. இப்போது நாலு டையோடு ரெக்டிஃபயர் மட்டும் போட்டு 26 ஏஎச் பேட்டரிக்குக் கொடுத்தால் போதாதா? பழைய மோட்டார்களில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரே இல்லாமல் அப்படித்தானே வந்தது?

மேச்சேரி ஆட்டோ எலக்ட்ரிக்

வந்தது. அன்றைக்கு அதில் மாட்டியது 60, 70 ஏஎச் தண்ணீர் ஊற்றும் பேட்டரி. 5 ஆம்பியரை அது மூச்சுவிடாமல் விழுங்கும், கொதித்தால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். உங்களுடையது மூடிய பேட்டரி. நிறைந்த பிறகும் கரண்ட் உள்ளே போய்க்கொண்டிருந்தால் வோல்ட் 15, 16 என்று ஏறி, வால்வு வழியாக வாயு போகும். போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. டப்பா உப்பிவிடும்.

அதைவிட மோசம், ஓடும்போது பேட்டரி முனை ஒன்று கழன்றால் நடப்பது. பேட்டரிதான் வோல்ட்டைக் கட்டி வைத்திருந்தது. அது விலகின நொடியில் ரெக்டிஃபயர் வெளியே 30, 40 வோல்ட் என்று எகிறும். ஃபிஷ் ஃபைண்டரும் எல்இடியும் அதோடு சரி.

ஆகவே ரெக்டிஃபயரும் ரெகுலேட்டரும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்ஆர் யூனிட் போடுங்கள். வாங்கும்போது கடையில் கேட்க வேண்டியது: முழு அலை, சிங்கிள் ஃபேஸ், டிசி சார்ஜிங். பழைய 100 சிசி பைக்குகளில் வரும் நாலு பின் யூனிட் பெரும்பாலும் அரை அலை. அந்த வண்டியில் ஹெட்லைட் நேராக ஏசியில் எரியும், காயிலின் ஒரு முனை பாடியில் எர்த்தாகியிருக்கும். உங்கள் காயில் அப்படி இல்லை. அதில் கொண்டுபோய் மாட்டினால் பாதிக் கரண்ட்தான் கிடைக்கும்.

வயர் நிறத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஹீரோ, ஹோண்டா பைக் ஆர்ஆரில் பச்சை என்றால் எர்த். யமஹா அவுட்போர்டில் பச்சை என்றால் லைட்டிங் காயில், எர்த் கறுப்பு. பச்சையைப் பச்சையோடு முறுக்கினால் காயிலின் ஒரு முனை பாடிக்குப் போய்விடும். பிறகு ஒரு அரைச் சுற்றில் மட்டும் சார்ஜ் ஏறும், மறு அரைச் சுற்றில் காயில் ஒரே டையோடு வழியாக ஷார்ட் ஆகும். டையோடு சுடும், காயில் சுடும், ஆனால் மீட்டரில் 13 வோல்ட் காட்டிக்கொண்டே இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வைண்டிங் அண்ணன் பாடித் தொடர்பு பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

சோதனைக்காக முதலில் வெறும் ரெக்டிஃபயர் வேண்டுமானால் கேபிபிசி 3510 வாங்குங்கள். சதுரத்தில் ஒரு மூலை வெட்டியிருக்கும், மற்ற மூன்று கால்களுக்குக் குறுக்காகத் திரும்பியிருக்கும் கால்தான் பிளஸ். அதற்கு எதிர் மூலை மைனஸ். மிச்சம் இரண்டும் ஏசி. 5 ஆம்பியரில் 10 வாட் சூடு வரும், அலுமினியத் தகட்டில் பேஸ்ட் தடவி இறுக்க வேண்டும்.

இன்னொன்று: மோட்டாரை நிறுத்தும் சிவப்பு பட்டன் வயரை இந்த வேலையில் தொடவே கூடாது. அது இக்னிஷனை எர்த் செய்து நிறுத்துவது. அதில் தவறி 12 வோல்ட் போனால் சிடிஐ செத்துவிடும்.

பண்ணவாடித்துறை

லித்தியம் பேட்டரி எடை குறைவு என்கிறார்களே, அது போடலாமா?

ஏற்காடு சோலார்

நேராக மாட்டாதீங்க. அதற்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட், பேட்டரி நிறைந்ததும் சட்டென்று இணைப்பைத் துண்டிக்கும். ஓடும் மோட்டாரில் பேட்டரி முனை கழன்றதும் அதுவும் ஒன்றுதான். மேச்சேரி நண்பர் சொன்ன எகிறல் அப்போது நடக்கும். லித்தியம்தான் வேண்டும் என்றால் நடுவில் டிசி-டிசி சார்ஜர் வைக்கணும். 6.5 ஏஎச் தேவைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

மேச்சேரி ஆட்டோ எலக்ட்ரிக்

வயரிங்: மோட்டாரிலிருந்து பேட்டரிக்கு 3 மீட்டர் என்றால் போக வர 6 மீட்டர். 2.5 சதுர மில்லி வயரில் 6 ஆம்பியருக்கு 0.27 வோல்ட் விழும். 4 சதுர மில்லியில் 0.17. நாலு போடுங்கள், ஈயம் பூசிய செம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. மேட்டூர் நல்ல தண்ணீர்தான், ஆனாலும் படகு அடியில் ஈரம் எப்போதும் இருக்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம் தாங்காது. கிரிம்ப் அடித்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ். விளக்குக்குத் தனியாக 5 ஆம்பியர். ஆர்ஆரை மோட்டார் மூடிக்குள் காற்று படும் இடத்தில் உலோகத்தோடு ஒட்டிப் போல்ட் செய்யுங்கள், ஃபைபரில் மாட்டினால் வெந்துவிடும். பேட்டரியைப் பெட்டிக்குள் பட்டை போட்டுக் கட்டி, பெட்ரோல் டேங்க்குக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

பண்ணவாடித்துறை

ஐந்து வயர் ஆர்ஆர் கிடைத்தது: மஞ்சள் இரண்டு, சிவப்பு, பச்சை, கறுப்பு. கறுப்பு வயர் 'இக்னிஷன் ஆனால் 12 வோல்ட் வரும் வயரில் கொடு' என்று கடையில் சொன்னார்கள். படகில் இக்னிஷன் சாவி இல்லாததால் விளக்கு ஸ்விட்சுக்குப் பிறகு கொடுத்திருக்கிறது. விளக்கு எரியும்போது பேட்டரி முனையில் அளவு:

ஐடில்: 12.7
பாதி த்ராட்டில்: 14.1
முழு த்ராட்டில்: 14.9

14.9 சரியா?

மேச்சேரி ஆட்டோ எலக்ட்ரிக்

சரியில்லை. மூடிய பேட்டரிக்கு 25 டிகிரியில் 14.4 எல்லை. வெயிலில் 40 டிகிரி என்றால், டிகிரிக்கு 0.02 வோல்ட் வீதம் கழித்து 14.1 தான் இருக்க வேண்டும்.

தப்பு அந்தக் கறுப்பு வயரில். அது ரெகுலேட்டரின் கண். பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று அதன் வழியாகத்தான் பார்க்கிறது. நீங்கள் அதை விளக்கு வயரில் கொடுத்திருக்கிறீர்கள். ஃப்யூஸ், ஸ்விட்ச், மெல்லிய வயர் மூன்றிலும் வோல்ட் விழுந்து, ரெகுலேட்டருக்கு 14.4 என்று தெரியும்போது பேட்டரியில் 14.9 ஆகிவிடுகிறது. விளக்கு எரியும்போதே, முழு த்ராட்டிலில், பேட்டரி பிளஸ்ஸுக்கும் கறுப்பு வயர் சேரும் இடத்துக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட் பக்கம் காட்டும். விளக்கை அணைத்து ஓட்டினால் கண்ணே மூடிவிடும், அது இன்னும் ஆபத்து.

கறுப்பைத் தனி வயராக எடுத்து, 1 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக நேராகப் பேட்டரி பிளஸ்ஸில் கொடுங்கள். ஆனால் நிரந்தரமாக இணைத்தால் மோட்டார் நின்ற பிறகும் சில மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு நீர்புகா ஸ்விட்ச் வையுங்கள், கயிறு இழுக்கும் முன் போடுங்கள், கரை சேர்ந்ததும் அணையுங்கள்.

பண்ணவாடித்துறை

இரண்டு இடத்துக்கும் நடுவே 0.6 வோல்ட் காட்டியது. மாற்றியபின் முழு த்ராட்டிலில் 14.3. ஸ்விட்சைப் போட மறந்து கயிறு இழுத்தால் என்ன ஆகும்?

மேச்சேரி ஆட்டோ எலக்ட்ரிக்

யூனிட்டைப் பொறுத்தது. சிலது சார்ஜே ஏற்றாது, சிலது கட்டுப்பாடில்லாமல் ஏற்றும். ஸ்விட்ச் போடாமல், விளக்கு, ஃபிஷ் ஃபைண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஐடிலிலிருந்து மெல்ல ஏற்றி மீட்டரைப் பாருங்கள். 14.5 தாண்டினால் உடனே நிறுத்திவிடுங்கள். தாண்டுகிற யூனிட் என்றால் ஸ்விட்சை எடுத்துவிட்டு நிரந்தரமாக இணையுங்கள். அது குடிக்கும் மில்லிஆம்பியரை 20 வாட் பேனல் பகலில் பத்து நிமிடத்தில் ஈடுகட்டும்.